சனிக்கிழமை எங்கே போச்சு? நியூயார்க் – சிங்கப்பூர் நேரடி விமானம்: வாசகர் அனுபவங்கள்

ஈசூனிலிருந்து

போன புரட்டாசியில் நியூயார்க்கில் இருக்கும் தம்பி வீட்டிலிருந்து அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தேன். கென்னடி விமான நிலையத்தில் வெள்ளி இரவு பத்தரைக்கு ஏறினால், சாங்கியில் ஞாயிறு விடியற்காலை ஐந்தரை. டிக்கெட்டைப் பார்த்ததும் அம்மா கேட்டார்: "நடுவுல சனிக்கிழமை எங்கடி போச்சு?" புரட்டாசிச் சனி விரதத்தை ஒரு வருடமும் விட்டவரில்லை.

கணக்குப் போட்டுக் காட்டினேன். தாளில் 31 மணி நேரம். அதில் 12 மணி இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசம். பறப்பது கிட்டத்தட்ட 19.

வரைபட உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் 15,300 கி.மீ. சொச்சம். அந்த நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். ஆனால் விமானிகள் நூலைப் பார்ப்பதில்லை, காற்றைப் பார்க்கிறார்கள். அன்று எங்களுக்கு அட்லாண்டிக் வழி. தூரம் கூடினாலும் பின்காற்று தள்ளிவிடும்.

ஐந்து மணி நேரத்தில் ஜன்னலில் சூரியன். அம்மா கைப்பையிலிருந்து பெருமாள் படத்தை எடுத்துத் தட்டுப்பலகையில் வைத்து "கோவிந்தா" என்றார். வெங்காயம், பூண்டு இல்லாத ஜெயின் சாப்பாடு சொல்லி வைத்திருந்தேன், ஒருவேளைதான் சாப்பிட்டார். ஐரோப்பாவைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிட்டது. மொத்தப் பகலே ஆறேழு மணி நேரம்! "இவ்வளவு சுருக்கா முடிஞ்ச விரதம் இதுதான்" என்றார்.

எகானமி வகுப்பே இல்லாத ஏர்பஸ் அது. 161 இருக்கைதான். அப்படியும் இறங்கும்போது அம்மாவுக்குச் செருப்பு நுழையவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பி நடக்க வையுங்கள்.

நியூயார்க் குயின்ஸிலிருந்து

எனக்கு எதிர்த்திசை. செவ்வாய்க்கிழமை விடிய ஆறு மணிக்கு நியூயார்க்கில் இறங்கினேன், கிளம்பியது திங்கள் இரவு பதினொன்றரைக்கு. டிக்கெட்டைப் பார்த்த மாமனார், "ஆறரை மணி நேரமா? சென்னை–கோவை ராத்திரி ரயிலைவிடச் சீக்கிரம்" என்றார்! கோடையில் வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால் முள் கடிகாரத்தை நான் தொடவே இல்லை. எங்கள் விமானம் பசிபிக் மேலே, ஜப்பான் பக்கமாகப் போனது. அப்புறம்தான் உறைத்தது: போகும்போதும் கிழக்கு, ஈசூன் அக்கா வந்த அட்லாண்டிக் வழியும் கிழக்கு. போய்த் திரும்பினால் உலகையே ஒரு சுற்று!

சிங்கப்பூர் கிளமென்டியிலிருந்து

12 மணி என்று எப்போதும் நம்பாதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கா கடிகாரத்தைப் பின்னால் தள்ளும், வித்தியாசம் 13 ஆகிவிடும். நான் மனக்கணக்காகச் சொன்ன நேரத்தை நம்பி அண்ணன் மகன் ஒரு மணி நேரம் கழித்து வந்தான். விமான நிலைய வாசல் குளிரில் நான், பெட்டி, இரண்டு கிலோ முறுக்கு.

ஈசூனிலிருந்து

உலகச் சுற்று விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவரும் போகும்போது பசிபிக் வழிதான். "அப்போ பூமியையே வலம் வந்திருக்கேன்!" என்று குஷியாகிவிட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிழக்கால போனா வடக்கு இடது கைப்பக்கம் வருமே. இது வலம் இல்லடி, இடம்" என்றார்.