சிலி பாடி (குட்டிக் காரமிளகாய்) இலை கீழ்நோக்கிச் சுருளுது, வழி சொல்லுங்க

வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்ல இருக்கேன்; காலி சாயத் தோங்கில் (பெயிண்ட் வாளியில்) 6 செடி. இலை மேல்நோக்கி மடிந்தால் இலைப்பேன். இது கவிழ்த்த படகு மாதிரி கீழ்நோக்கி, குருத்தும் தடிச்சிருக்கு, அப்போ சிலந்திப்பேன்தான்.

5 மில்லி வேப்பெண்ணெயை 2 மில்லி பாத்திரச் சோப்பில் குழைத்து (இல்லாட்டி எண்ணெய் மிதந்து இலையைக் கருக்கிடும்), 1 லிட்டர் தண்ணியில் கலந்து, வெயில் தாழ்ந்ததும் இலையடியில் 5 நாளுக்கு ஒருமுறை, 3 தடவை அடிச்சாச்சு. சாயங்கால மழைதான் கழுவிடுது.

காலை 7 மணிக்கு அடிக்கலாமா? இல்லை கந்தகத் தூளுக்கு மாறுவதா? எண்ணெய் அடித்து 2 வாரம் ஆகாமல் கந்தகம் போட்டால் இலை கருகும்; அதுக்குள்ள பூவெல்லாம் கொட்டிடுமேன்னு கவலை. சுருண்ட குருத்தை எத்தனை கணு விட்டு வெட்டணும்? செய்து பார்த்தவங்க சொல்லுங்க அண்ணா, அக்கா.