கடையில் பைக்குத் தனிக் காசு வாங்கலாமா? எப்படி வாங்கினால் வம்பு வராது?

கேள்வி: மளிகைக்கடை_தென்காசி

மளிகையும் காய்கறியும் சேர்ந்த கடை. ஒரு நாளைக்கு 250 பில் ஓடும். பிளாஸ்டிக் பையை நிறுத்தியாச்சு. துணிப்பை கொள்முதலே ஒன்று 11 ரூபாய். சும்மா கொடுத்தால் கட்டாது. பில்லில் போட்டால், "ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு வாங்குறேன், ஒரு பை தர மாட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

பைக்குக் காசு வாங்கிய கடைக்கு நுகர்வோர் கோர்ட்டில் தண்டம் போட்டார்கள் என்கிறார் ஒருவர். இலவசமாகக் கொடுப்பதே சட்டப்படி தப்பு என்கிறார் இன்னொருவர். இதற்கு நடுவில், 120 மைக்ரான் (0.12 மில்லிமீட்டர்) தடிமன் உள்ள பிளாஸ்டிக் பை செல்லும், காசுக்கு விற்கலாம் என்று ஒரு ஏஜென்ட் சாம்பிள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எதை நம்புவது? காசு வாங்குவதென்றால் எந்த முறையில் வாங்க வேண்டும்?

பதில் 1: நுகர்வோர்_பக்கம்

அண்ணாச்சி, முதலில் அந்த சாம்பிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 120 மைக்ரான் என்பது மத்திய அரசின் விதி. 2011இல் 40, 2016இல் 50, 2021 செப்டம்பர் 30 முதல் 75, 2022 டிசம்பர் 31 முதல் 120 என்று அந்தத் தடிமன் ஏறிக்கொண்டே வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இருக்கும் தடை வேறு. இங்கே பிளாஸ்டிக் கைப்பை என்றால் எந்தத் தடிமனும் கூடாது. துணி மாதிரி தெரியும், ஆனால் நெய்யாத பிளாஸ்டிக் இழையாலான நான்-ஓவன் பையும் அதே பட்டியலில்தான் வருகிறது. ஏஜென்ட் காட்டும் காகிதம் வெளிமாநிலத்துக்குச் சரியாக இருக்கலாம். உங்கள் கடையில் அது பறிமுதல் ஆகும், அபராதமும் விழும், அடுத்தடுத்துப் பிடிபட்டால் தொகை ஏறும்.

"இலவசமாகத் தரக்கூடாது" என்ற பேச்சு 2011 பிளாஸ்டிக் கழிவு விதிகளில் இருந்து வந்தது. அப்போது கடைக்காரர் பிளாஸ்டிக் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்றே எழுதியிருந்தது. 2016இல் அதை மாற்றி, பிளாஸ்டிக் பை கொடுக்க விரும்பும் கடை உள்ளாட்சியில் பதிந்து மாதம் 4,000, வருடம் 48,000 ரூபாய் கட்டணும் என்றார்கள். 2018 திருத்தத்தில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். இது எல்லாமே பிளாஸ்டிக் பைக்குத்தான். துணிப்பை, காகிதப்பையை இலவசமாகக் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அதைக் காரணம் காட்டி வாடிக்கையாளரிடம் பேச வேண்டாம், அது பொய்யாகிவிடும்.

கோர்ட் விஷயம் உண்மை. 2019இல் சண்டிகர் நுகர்வோர் மன்றம், காகிதப்பைக்கு 3 ரூபாய் வாங்கிய பாட்டா கடைக்கு 9,000 ரூபாய் தண்டம் விதித்தது. 2020 டிசம்பர் 22 அன்று தேசிய நுகர்வோர் ஆணையம் பிக் பஜார் வழக்கில் கொடுத்த உத்தரவுதான் நீங்கள் படிக்க வேண்டியது. பைக்கு விலை வைப்பதே குற்றம் என்று அதில் சொல்லவில்லை. கடைக்குள் நுழையும் முன்பும், சரக்கை எடுக்கும் முன்பும் சொல்லாமல், பில் போடும் இடத்தில் வந்து நிற்கும்போது பைக்காசைத் தலையில் கட்டுவது முறையற்ற வணிகம் என்றது. பையின் விலையோடு, அது என்ன பை, எந்த அளவு என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். சொந்தப் பையை உள்ளே விடாமல், வெளியே போகும்போது பை விற்பதையும் ஆணையம் கண்டித்தது.

அதனால் செய்ய வேண்டியது இது:

வாசலில், உள்ளே வரும்போதே கண்ணில் படும் உயரத்தில், தமிழில் பலகை. "பை இலவசம் இல்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. "பருத்தித் துணிப்பை, 14க்கு 16 அங்குலம், 11 ரூபாய். சொந்தப் பை கொண்டுவரலாம்" என்று முழுதாக எழுதுங்கள்.

பைக்கு பில்லிங் மென்பொருளில் தனிப் பொருள் எண் போடுங்கள். பில்லில் "பை" என்று தனியாக ஒரு வரிசையில், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து வர வேண்டும். "இதர கட்டணம்" என்ற பெயரில் வரவே கூடாது.

கல்லாவில் இருப்பவர் "பை வேணுமா?" என்று கேட்டு, வேணும் என்ற பிறகுதான் ஸ்கேன் செய்யணும். பெரும்பாலும் தகராறு இங்கேதான் கிளம்புகிறது. கூட்ட நேரத்தில் கை பழக்கத்தில் பையை முதலிலேயே அடித்துவிடுவார்கள்.

உள்ளே வருபவரின் பையை வாங்கி டோக்கன் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காலிப் பையை உள்ளே விடுங்கள்.

பதில் 2: பை_தையல்_கரூர்

சட்டத்தை அவர் சொல்லிவிட்டார். 11 ரூபாய்க்கு என்ன பை வருகிறது என்று பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுத்த பை பேருந்து நிறுத்தத்தில் பிய்ந்தால், அந்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.

சாம்பிளில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணி போல நின்றால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. நான்-ஓவன் பையில் நெய்த நூலே இருக்காது, மேலே புள்ளி புள்ளியாக அச்சு மட்டும் தெரியும்.

அடுத்தது கஞ்சி. காடாத் துணியில் கஞ்சி ஏற்றினால் கையில் கெட்டியாகப்படும், ஒரு துவைப்பில் சல்லடை ஆகிவிடும். அதனால் சாம்பிளைத் துவைத்துக் காயவைத்த பிறகு எடை போடுங்கள். 14க்கு 16 பையில், தையல் மடிப்பு சேர்த்து 15க்கு 18 அங்குலத்தில் இரண்டு துண்டு, 20 அங்குலத்தில் இரண்டு கைப்பிடி வரும். 140 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 140 கிராம்) துணியென்றால் பை 60 கிராம் சுற்றி நிற்கணும். 40 கிராம் காட்டினால், 5 கிலோ சரக்குக்கு அது ஆகாது.

பை கிழிவது துணியில் அல்ல, கைப்பிடி சேரும் இடத்தில். வாயை ஒன்றரை அங்குலம் மடித்து, கைப்பிடியின் நுனியை அந்த மடிப்புக்குள் விட்டு, சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொல்லுங்கள். ஒற்றைத் துணியில் இரண்டு ஓட்டு ஓட்டிக் கொடுத்தால் முதல் வாரமே பிரியும். அச்சுக்குத் தண்ணீர் சார்ந்த மை கேளுங்கள். ரப்பர் போலத் தடித்து உட்காரும் மை வேண்டாம், அது பிளாஸ்டிக்தான்.

பதில் 3: வாடிக்கையாளர்_நெல்லை

ஒன்று கேட்கணும். என் கையில் உங்கள் கடைப் பெயரை எழுதிய பையைக் கொடுத்து, அதற்கு என்னிடமே காசு வாங்கினால் உங்கள் விளம்பரத்துக்கு நான் பணம் கட்டுகிறேன் என்றுதானே அர்த்தம்? சண்டிகர் வழக்கிலும் இதே வாதம் வந்தது. பேர் போட்ட பையென்றால் சும்மா கொடுங்கள். காசு வாங்குவதென்றால் வெறும் பையாகக் கொடுங்கள்.

இன்னொன்று, இந்தக் காசு எங்கே போகிறது? அயர்லாந்தில் 2002இல் பைக்கு வரி போட்டபோது, அது சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது, மக்களும் ஒப்புக்கொண்டார்கள். இங்கே கடையின் கல்லாவுக்குத்தான் போகிறது. அதனால்தான் கோபம் வருகிறது. 11 ரூபாய்க்கு வாங்கியதை 20க்கு விற்றுவிட்டு, பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று பலகை வைக்காதீர்கள்.

பதில் 4: கழிவு_கணக்கு

நெல்லைக்காரர் சொன்னது நியாயம். அண்ணாச்சி கொள்முதல் விலைக்கே விற்றால் அந்தக் கோபம் பாதி அடங்கும்.

ஆனால் "காசு வாங்காதே, சொந்தப் பை கொண்டுவருபவருக்குத் தள்ளுபடி கொடு" என்று பலர் யோசனை சொல்வார்கள், அது வேலைக்கு ஆகாது. அமெரிக்காவில் வாஷிங்டனைச் சுற்றியுள்ள கடைகளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பைக்கு 5 சென்ட் வரி போட்ட இடத்தில், கடைப் பை எடுப்பவர்கள் 82 விழுக்காட்டிலிருந்து 40 ஆகக் குறைந்தார்கள். அதே 5 சென்ட்டைத் தள்ளுபடியாகக் கொடுத்த கடைகளில் அநேகமாக ஒரு மாற்றமும் இல்லை. கையிலிருந்து போகும் காசு உறுத்துகிற அளவு, வரும் காசு இனிப்பதில்லை. அயர்லாந்தில் 15 சென்ட் வரியால் ஆளுக்கு வருடம் 328 பையாக இருந்தது 21 ஆனது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியாவில் கடைப் பையைத் தடுத்த ஊர்களில் சின்னக் குப்பைப் பை விற்பனை 120 விழுக்காடு ஏறியது. வீட்டுக் குப்பைக்கு அந்தக் கடைப் பைதான் பயன்பட்டுக்கொண்டிருந்தது. துணிப்பையும் தானாக நல்லதாகிவிடாது. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமையின் 2011 கணக்கில், ஒரு பருத்திப் பை ஒருமுறை பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பக் கணக்கில் மேலாக வேண்டுமென்றால் 131 முறை பயன்பட வேண்டும். வாரம் ஒருமுறை என்றால் இரண்டரை வருடம். வாரா வாரம் ஒரு புதுத் துணிப்பை விற்கும் கடை நல்லது செய்யவில்லை. பதில் 2இல் சொன்ன தையல் இதனால்தான் முக்கியம்.

ஆகவே திரும்ப வாங்குங்கள். 11 ரூபாய்க்குக் கொடுத்த பையைச் சுத்தமாக, கிழியாமல் கொண்டுவந்தால் 8 ரூபாய் திரும்ப. துவைத்து மறுபடி தொங்கவிடலாம். பையைக் கல்லாவில் மட்டும் வைக்காமல், காய்கறித் தட்டுக்குப் பக்கத்திலும் மாட்டுங்கள். பை மறந்து வந்தவர் அங்கேயே முடிவு செய்துகொள்வார். பெரிய பில்லுக்குச் சரக்கு வந்த அட்டைப்பெட்டியை இலவசமாகக் கொடுங்கள். பின் அடித்த கம்பிகளைப் பிடுங்கிவிட்டு அடுக்கி வையுங்கள், குழந்தைகள் கையைக் கிழிக்கும்.

மளிகைக்கடை_தென்காசி

ரொம்ப நன்றி. சாம்பிளைத் திருப்பிவிடுகிறேன். பேர் இல்லாத பை, 11 ரூபாய், திரும்ப வந்தால் 8. மாவு, தயிர், எண்ணெய் சில்லறைக்கு என்ன செய்ய? துணிப்பை இதற்கு ஆகாதே.

பதில் 5: நுகர்வோர்_பக்கம்

பாத்திரம்தான். தூக்கோ டப்பாவோ கொண்டுவரச் சொல்லிப் பலகையிலேயே ஒரு வரி சேருங்கள். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, பாத்திர எடையைக் கழிக்கும் டேர் பொத்தானை அழுத்தி, சுழி காட்டுவதை வாடிக்கையாளர் பார்த்த பிறகு ஊற்றுங்கள். திரை அவர் பக்கமும் திரும்பியிருக்கணும். பாத்திர எடையைச் சேர்த்து விற்பது எடைச் சட்டப்படி குற்றம். டேர் போட்டபின் பாத்திரத்தை எடுத்தால் திரை மைனஸ் காட்டும். அதை மறுபடி சுழியாக்காமல் அடுத்தவருக்கு நிறுத்தால் எடை தப்பும், அந்தச் சண்டை பைச்சண்டையைவிடப் பெரிதாகும்.

பொட்டலம் மடிக்கப் பழைய செய்தித்தாள் வேண்டாம். அச்சு மை சாப்பாட்டில் ஒட்டும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்திருக்கிறது. அச்சடிக்காத பழுப்புத் தாள் வாங்குங்கள். "மக்கும் பை" என்று யாராவது விற்க வந்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் கேளுங்கள். பையின் மேல் உற்பத்தியாளர் பெயரும் சான்றிதழ் எண்ணும் அச்சாகியிருக்கணும். வெறுமனே பச்சை இலைப் படம் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.