ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் பொதி: சரிவருமா?

சுன்னாகம்_சிவா: லண்டன், கனடாவில் உள்ள எங்கள் ஊர்ப் பிள்ளைகள், இங்குள்ள நம் ஊர்ச் சங்கத்துக்குக் கொஞ்சக் காசு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்மாருக்கு மாதாமாதம் உழுந்து, பயறு, நல்லெண்ணெய், முட்டை என்று ஒரு பொதி கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

கோண்டாவில்_அக்கா: பொதி நல்லது தம்பி, நிபந்தனைதான் பிழை. நான் குடும்பநல உத்தியோகத்தர், வீடுவீடாகப் போகிற ஆள். "மட்டும்" என்பதற்கு யார் சாட்சி? பிள்ளைக்கு வயிறு பொருமுகிறது என்று அம்மம்மா ஒரு கரண்டி ஓமத்தண்ணி பருக்கியிருப்பா. இன்றைக்கு அதைத் தாய் என்னிடம் வாய்விட்டுச் சொல்கிறாள், நானும் பக்குவமாகத் திருத்துகிறேன். நாளைக்குப் பொதி போய்விடும் என்றால் சொல்வாளா? நான் வரும் சத்தம் கேட்டாலே பால்மா ரின் அலுமாரிக்குள் போய்விடும்.

நல்லூர்_வாசன்: அக்கா, இங்கிலாந்தில் செய்து பார்த்தார்களே. பாலூட்டல் குறைந்த இடங்களில் தாய்ப்பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஆறு மாதத்துக்குள் மொத்தம் 200 பவுண்ஸ் வரை கடைச்சீட்டு, அதாவது காசுக்குப் பதில் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கும் சீட்டு. ஆறு முதல் எட்டு வாரத்தில் பாலூட்டியவர்கள் சீட்டுக் கொடுத்த இடங்களில் 37.9 சதவீதம், கொடுக்காத இடங்களில் 31.7. 2018இல் முடிவு வந்தது. காசு வேலை செய்கிறதுதானே?

கோண்டாவில்_அக்கா: அதே ஆய்வில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்களைப் பாருங்கோ, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அங்கே நிபந்தனையும் தாய்ப்பால் கொடுக்க வேண்டும் என்பதுதான், மட்டும் என்பதல்ல. அப்புறம், அவர்கள் தொடங்கிய இடம் வேறு. இலங்கையில் 2016 கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இங்கே மனமில்லாமல் விடுகிறவர்கள் குறைவு.

மானிப்பாய்_தாய்: விடுகிறவர்களில் ஒருத்தி நான். தனியார் வேலை, பிரசவ விடுமுறை 84 நாள். ஆறு மாதம் எங்கே, 84 நாள் எங்கே? பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை வேலைநேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. நான் நின்ற கடையில் அதைக் கேட்டதற்கு முதலாளி சிரித்தார். மார்பில் பால் கட்டி, சட்டை நனைய நனைய கவுண்டரில் நின்றேன். அந்த நேரம் எனக்குப் பயறு தேவைப்படவில்லை, பிள்ளையிடம் போய்வர அரை மணித்தியாலம்தான் தேவைப்பட்டது. உங்கள் பட்டியலில் என் பெயரை வெட்டியிருப்பீர்கள், அயலும் அறிந்திருக்கும்.

நல்லூர்_வாசன்: அது முதலாளியின் குற்றம் தங்கச்சி. அதற்காக மற்றவர்களுக்குக் கிடைப்பதை நிறுத்துவதா?

மானிப்பாய்_தாய்: நிறுத்தச் சொல்லவில்லை அண்ணா. எல்லோருக்கும் கொடுங்கள். மாப்பால் கொடுக்கிறவளும் பிள்ளை பெற்றவள்தானே, அவளுக்கும் முட்டை வேண்டும்.

சுன்னாகம்_சிவா: சரி, எல்லோருக்கும் என்றே கூட்டத்தில் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் காசு அனுப்பியவர்கள் "எத்தனை பேர் ஆறு மாதம் முடித்தார்கள்?" என்று கணக்குக் கேட்பார்களே, அக்கா?

கோண்டாவில்_அக்கா: எத்தனை முட்டை கொடுத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கோ.