"இதே மாதிரி நாலு தாங்க": விமான போல்ட் வாங்கப் போன அனுபவங்கள்

ஹட்டன்காரன்:
நம்ம தோட்டப்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் இப்ப ரத்மலானையில சின்ன விமானங்கள்ல வேலை பழக வர்றாங்க. நிறையப் பேருக்கு அப்பாவோ மாமாவோ தேயிலை ஸ்டோர்ல, அதாவது தொழிற்சாலையில, ஃபிட்டர். கைவேலை சுத்தமா இருக்கும். ஆனா கழட்டின போல்ட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு ஹாட்வெயார் கடைக்குப் போற பழக்கமும் கூடவே வந்துடுது.

தீபாவளிக்கு ஊருக்குப் போன தம்பி ஒருத்தன் பளபளன்னு ஒரு பொட்டலம் ஸ்டெயின்லெஸ் போல்ட்டோட திரும்பினான். "அண்ணே, இது துருவே பிடிக்காது, பழசைவிட நல்லது"ன்னான். பார்த்தா எம்5, 5 மி.மீ. மெட்ரிக் போல்ட். நாங்க கழட்டினது ஏஎன்3. ஏஎன்ங்கிறது அமெரிக்க விமானப் பாகத் தரம், 3ன்னா 3/16 அங்குலம். மரை 10-32, அதாவது 10ஆம் நம்பர் அளவு, அங்குலத்துக்கு 32 மரை. எம்5-க்கு மரை இடைவெளி 0.8 மி.மீ., 10-32-க்கு 0.794. விட்டம் 5.0, மற்றது 4.83. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. எங்க போல்ட்டை அவன் கொண்டுவந்த நட்டுல விட்டுக் காட்டினேன். விரலாலேயே வழுக்கிக்கிட்டு ஏறிடுச்சு. பிறகு நட்டைப் பிடிச்சு ஆட்டினா கடகடங்குது, மரையோட நுனி மட்டுந்தான் கவ்வியிருக்கு. ஏறுதேன்னு நம்பினா அவ்வளவுதான்.

அதோட அவன் போல்ட்டுக்குத் தலை வரைக்கும் மரை. ஏஎன் போல்ட்டுல மரையில்லாத வழுவழுப்பான தண்டு இருக்கும். பலகைகளோட மொத்தத் தடிப்பும் அதுமேலதான் உட்காரணும். மரை துளைக்குள்ள நின்னா அலுமினியத்தை அரம் மாதிரி ராவிடும். தண்டு கொஞ்சம் நீளமாப் போனா வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம், மூணுக்கு மேல வேணாம். இழுவிசைப் பலமும் அப்படித்தான்: கடையில கிடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 700 மெகாபாஸ்கல், தலையில நட்சத்திரக் குறி உள்ள ஏஎன் இரும்பு போல்ட் ஏறத்தாழ 860.

மஸ்கெலியா ஃபிட்டர்:
தம்பி, எங்களைக் கொஞ்சம் லேசா எடை போட்டுட்டீங்க. ஸ்டோர்ல இருக்கிற பழைய வெள்ளைக்காரன் காலத்து ரோலர், அதான் கொழுந்து உருட்டுற மெஷின், எல்லாம் விட்வொர்த்ங்கிற பழைய பிரிட்டிஷ் மரை. அரை அங்குல போல்ட்டுல அங்குலத்துக்கு 12 மரை. அதே தடிப்பு அமெரிக்க யூஎன்சி (பெருமரை) போல்ட்டுல 13. ரெண்டு சுத்து அழகா ஏறும், அப்புறம் இறுகும். புதுசா வந்த ஒரு பையன் ஸ்பானர்ல பைப்பைச் சொருகி முறுக்கி ரோலர் மரையையே நாசமாக்கினான். கொழுந்து கிடந்து கெட்டதும் தொரை குதிச்சதும் தனிக்கதை. அதனால மரை அளவுகோல் வைக்காம நான் எதையும் தொடுறதில்லை. ஒரு கேள்வி: கடையில கிடைக்கிற உயர்பல கிரேட் 8 போல்ட் ஏஎன்னைவிடப் பலமாச்சே, அதைப் போட்டா என்ன?

ஹட்டன்காரன்:
மாமா, இழுவிசையில அது கூடத்தான், 150,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்). ஏஎன் 125,000, அதாவது நான் முன்னாடி சொன்ன 860 மெகாபாஸ்கல். ஆனா ஏஎன்ல வழுவழுப்பான தண்டோட நீளம் 1/8 அங்குலப் படியா வேணுங்கிற அளவுக்குக் கிடைக்கும். எங்கே செஞ்சது, எந்தத் தொகுதின்னு கடதாசியும் கூட வரும். கடைக்காரர் பேப்பர்ல சுத்தித் தர்ற போல்ட்டுக்கு யார் கையெழுத்துப் போடுறது?

நுவரெலியா அக்கா:
நான் உதிரிப்பாகக் களஞ்சியத்துல இருக்கேன். பழைய ஸ்க்ரூவைக் கொண்டுவந்து "அக்கா, இதே மாதிரி"ன்னு நிக்கிறவங்களுக்கு நான் கொடுக்கிறதே இல்லை. பாகப் பட்டியலைத் திறந்து எண்ணைச் சொல்லுங்கன்னு திருப்பி அனுப்பிடுவேன். ஒருமுறை அப்படிப் பார்த்ததுல, கழட்டி வந்ததே தப்பான ஸ்க்ரூ. குழிக்குள்ள அமுங்கி உட்கார்ற சாய்வுத் தலை (குழித்தலை) 90 பாகை. விமானத்துக் குழி 100 பாகை, அதனால தலையோட அடியில, தண்டை ஒட்டின இடத்துல மட்டுந்தான் தொட்டுக்கிட்டு நின்னிருக்கு. யாரோ எப்பவோ மாட்டிட்டுப் போனது.

கண்ணால ஒப்பிட்டு எடுத்தா என்ன ஆகும்னு ஒரு உதாரணம்: 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் எயார்வேஸ் 5390 விமானம். முந்தின நாள் மாத்தின முன் கண்ணாடி 17,300 அடியில பிச்சுக்கிட்டுப் போச்சு, கேப்டன் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் காலைப் பிடிச்சுக்கிட்டதால பிழைச்சார். 90 போல்ட்டுல 84 விட்டம் குறைஞ்சது, மிச்சம் 6 நீளம் குறைஞ்சது. பழைய போல்ட்டைக் கண்ணால ஒப்பிட்டுத்தான் எடுத்திருக்காங்க. அந்தப் பழசுலயும் பெரும்பாலானது நீளம் போதாதது! சரியான அளவை ஸ்டோர்ஸ்காரர் சொல்லியிருக்கார், கேக்கலை. எங்க பேச்சை யார் கேக்குறா!

பொகவந்தலாவைப் பொடியன்:
அக்கா, தானா கழலாம இருக்க உள்ளே நைலோன் வளையம் வச்ச நட் இருக்கே, அந்த நைலோன் நட்டைத் திரும்பப் போடலாமா?

நுவரெலியா அக்கா:
விரலாலேயே கடைசி வரைக்கும் திருக முடிஞ்சா குப்பைக்கு. எஞ்சின் பக்கம் அதை வைக்கவே வைக்காதே. 121 பாகை செல்சியஸ்தான் அதோட எல்லை, அங்கே முழு உலோகப் பூட்டு நட். கட்டுப்பாட்டுக் கம்பி மூட்டு மாதிரி போல்ட் சுழலக்கூடிய இடத்துல ரெண்டுமே ஆகாது. அங்கே துளை போட்ட போல்ட், மேல வெட்டு வெட்டா இருக்கிற கோட்டை நட், அது ரெண்டுக்குள்ளயும் சொருகி வளைக்கிற கொட்டர் பின். பின் ஒவ்வொரு தடவையும் புதுசு.