நுளம்பர் நடுகல்: ஓசூர், கோலார் பாடங்களை ஒப்பிடுவது எப்படி?

கேள்வி (ஓசூர் வாசகர்):
நுளம்பர் என்ற அரச மரபின் காலத்து ஓசூர்ப் பக்கக் கன்னட நடுகற்களைக் கோலார் கற்களோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறேன். பழைய பாடங்களை (கல்வெட்டு வாசகங்களை) எங்கே தேடுவது? இதழ்கள் எதற்காகத் திருப்பி அனுப்பும்?

தகடூரான்:
பழைய கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஓசூரின் இன்றைய மாவட்டமான கிருஷ்ணகிரி என்று தேடினால் ஒன்றும் சிக்காது. தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004இல். அதனால் சேலம் மாவட்டம், ஓசூர் வட்டம் என்று பாருங்க. கோலாருக்கு எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பில் 10ஆம் தொகுதி, பெங்களூருக்கு 9. அதில் வரிசை எண் வட்டவாரியாகப் போகும். வட்டப் பெயர் இல்லாத வெறும் எண் யாருக்கும் பயன்படாது.

மைப்படி:
பலர் சறுக்குவது அரசன் பெயரில். 'மகேந்திரன்' என்றதும் பல்லவன் என்று எழுதிவிடுகிறார்கள். வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வகை), 7ஆம் நூற்றாண்டு என்றால் சரி. கன்னட எழுத்தில் 9ஆம் நூற்றாண்டுக் கடைசி என்றால் நுளம்ப மகேந்திரனாக இருக்கலாம். எழுத்தமைதியை (எழுத்தின் வடிவத்தை) முதலில் பாருங்க, பெயரை அப்புறம். கல்லில் உள்ள சக ஆண்டைக் கி.பி.க்கு மாற்ற 78 கூட்டணும். ஜனவரி தொடங்கி அந்தச் சக ஆண்டு முடியும் மார்ச் வரையான நாளானால் 79. அறுபதாண்டுப் பெயர் இருந்தால் அதோடும் சரிபார்க்கணும்.

தகடூரான்:
இன்னொன்று. பாடத்தைத் தமிழ் எழுத்தில் மட்டும் கொடுக்காதீங்க, ಕ (ka), ಗ (ga) வேறுபாடு போய்விடும். இன்றைய கன்னடத்துக்கு மாற்றினால் பழங்கன்னட ற, ழ காணாமல் போகும். வரி எண், சிதைந்த இடத்துக்கு அடைப்புக்குறி, மைப்படிப் (கல்லின் மேல் தாள் வைத்து மையால் எடுத்த படி) படம் மூன்றும் கட்டாயம். தமிழில் என்றால் தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழைப் பாருங்க.