கானாடுகாத்தான் வீடு: எனர்ஜிபிளஸ் மாடல் கரண்ட் பில்லைவிட 40% குறைவாகக் காட்டுகிறது, எங்கே தவறு?

வளவுவாசல்:
கானாடுகாத்தானில் இரண்டு கட்டு வீடு, இப்போது விருந்தினர் தங்கும் விடுதி. நடு முற்றமான வளவைச் சுற்றி 6 ஏசி அறைகள். ஒவ்வொன்றும் 5 × 4 மீட்டர், உயரம் 4 மீட்டர், அறைக்கு ஒரு 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி. சுவர் 450 மி.மீ. செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. மேலே மெட்ராஸ் தளம் (மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை), தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு, தரை ஆத்தங்குடிக் கல்.

ஓப்பன்ஸ்டூடியோவில் வீட்டை வரைந்து, கட்டடத்தின் வெப்பத்தையும் மின்செலவையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் ஓட்டியிருக்கிறேன். வானிலைக் கோப்பு மதுரை. ஏசிக்கு ஐடியல் லோட்ஸ், அதாவது வேண்டிய குளிர்ச்சியை அப்படியே தரும் கற்பனை ஏசி. வரும் குளிர்ச்சிச் சுமையை ஸ்டிக்கரில் உள்ள மின்சிக்கன எண்ணான ஐசீர் 4.5ஆல் வகுத்து யூனிட் ஆக்கினேன். ஏப்ரல்-மேக்கு மாடல் 1,900 யூனிட், பில் 3,100. மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதா, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியா, ஃபால்ஸ் சீலிங்கா என்று இந்த மாடலை வைத்துத்தான் முடிவெடுக்கணும். எதைத் திருத்துவது?

தட்டோடு:
முதலில் தரையைப் பாருங்கள். தரை வெப்பநிலை கொடுக்காமல் விட்டால் எனர்ஜிபிளஸ் தானாக 18 டிகிரி எடுத்துக்கொள்ளும். குளிர் நாட்டுக்குப் பொருந்தும் எண் அது. நம் ஊர் மண் 18 டிகிரிக்கு என்றைக்கு இறங்கியது? ஆத்தங்குடிக் கல்லும் அதன் கீழே 150 மி.மீ. சுண்ணாம்புக் கான்கிரீட்டும் இருந்தால் தரையின் வெப்பத் தடை 0.36 அளவில் வரும். அறை 25, மண் 18 என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 19 வாட், 20 சதுர மீட்டர் அறைக்கு ஏறத்தாழ 390 வாட். ஆறு அறைக்கும் இரவு பகலாக மாடல் இந்தக் குளிர்ச்சியைச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்கிறது.

மண் வழியாகப் போகும் வெப்பத்தைக் கணக்கிடும் கிவா முறையில் அடித்தளத்தை வரையுங்கள். அது சிரமமாக இருந்தால், அறையின் மாதச் சராசரி வெப்பநிலையைவிட 2 டிகிரி குறைவாக 12 மாதத்துக்கும் எண் கொடுங்கள். மதிப்பு 15 முதல் 25க்குள் இல்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். அதைக் கண்டு மறுபடி 20 என்று மாற்றிவிடாதீர்கள், நம் பக்கம் அந்த எச்சரிக்கைக்கு மதிப்பில்லை.

அடுத்து எச்சரிக்கைகள் பதிவாகும் எர்ர் கோப்பைத் திறந்து, 25 வார்ம்-அப் நாள் (கணக்கு நிலைபெற முதல் நாளையே திரும்பத் திரும்ப ஓட்டுவது) ஓடியும் சமநிலை வரவில்லை என்று இருக்கிறதா பாருங்கள். 450 மி.மீ. சுவர் வெயிலை உள்ளே விட 12 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், 25 நாள் சில சமயம் போதாது. உச்ச வரம்பை 60 ஆக்குங்கள். டைம்ஸ்டெப், அதாவது மணிக்கு எத்தனை முறை கணக்கிடுவது என்பது, 6க்குக் குறைய வேண்டாம்.

குளிர்பதனம்:
ஐசீர் எண்ணால் வகுத்ததும் தவறு. ஐசீர் என்பது 24 முதல் 43 டிகிரி வரையான வெளி வெப்பநிலைகளுக்கு ஆண்டுக்கு 1,600 மணி நேரம் பிரித்துக் கணக்கிட்ட பருவச் சராசரி. மே மாத மதியத்துக்கு அந்த எண் கிடைக்காது.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. முகப்பு அழகு கெடக்கூடாது என்று அவுட்டோர் யூனிட்டைப் பின்கட்டுச் சந்திலோ இரண்டு சுவருக்கு நடுவிலோ ஒளித்து வைத்திருப்பார்கள். அது விடும் சூட்டை அதுவே திரும்ப இழுக்கும். மாடலோ யூனிட்டுக்குப் போவது திறந்தவெளிக் காற்று என்றே நினைக்கும். மதியம் 3 மணிக்கு யூனிட் காற்று இழுக்கும் பக்கத்தில், காயிலிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெயில் படாமல் தெர்மாமீட்டர் வையுங்கள். வெளியே 36, அங்கே 42 என்றால், டிகிரிக்கு 2 முதல் 3 சதவீதம் என்று அந்த 6 டிகிரிக்கே 12 முதல் 18 சதவீதம் மின்சாரம் கூடுதல். ஐடியல் லோட்ஸை எடுத்துவிட்டு, நிஜ ஏசி போல் வெளி வெப்பத்துக்கேற்ப மின்சாரத்தைக் கணக்கிடும் டிஎக்ஸ் காயில் போடுங்கள்.

காற்றுக் கசிவுக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள்? கான்கிரீட் வீட்டுக்குப் போடும், மணிக்கு 0.5 முறை அறைக் காற்று மாறும் என்ற எண் இங்கே செல்லாது. தேக்குக் கதவின் அடி இடுக்கு, நிலைக்கு மேலுள்ள காற்றுத் துவாரம், ஏசி குழாய்க்குப் போட்ட ஓட்டை எல்லாம் திறந்த வாசல்தான். அளக்க ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் போதும். நிறையப் பேர் உட்கார்ந்து அளவை 2,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2,000 பங்கு) ஏற்றிவிட்டு, ஏசியை வழக்கம்போல் ஓடவிட்டு, வெளியே வந்து கதவை மூடுங்கள். வெளிக்காற்று 420. அரை மணியில் 1,000க்கு இறங்கினால் 1,580ஐ 580ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை 0.5ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 2 முறை காற்று மாறுகிறது என்று வரும்.

80 கன மீட்டர் அறையில் அது 160 கன மீட்டர் காற்று. வெளியே 36 டிகிரி, கிலோ காற்றுக்கு 18 கிராம் ஈரம். உள்ளே 25 டிகிரி, 11 கிராம் என்றால் சூட்டை எடுக்க 0.56 கிலோவாட், ஈரத்தை எடுக்க 0.9 கிலோவாட். 1.5 டன் என்பதே 5.27 கிலோவாட்தான். கால் பங்குக்கு மேல் கதவிடுக்கிலேயே போகிறது.

மீட்டர்பெட்டி:
மாடலைக் குறை சொல்லும் முன் பில்லைப் பிரித்துப் பாருங்கள். 3,100 யூனிட்டில் போர் மோட்டார், சமையற்கட்டு ஃப்ரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், கீசர் எல்லாம் இருக்கும். இவை மாடலில் உண்டா? 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 1 கிலோவாட் இழுக்கும். நாளுக்கு 4 மணி என்றால் இரண்டு மாதத்தில் 240 யூனிட். பழைய ஃபேன் 75 வாட், மின்சிக்கன பிஎல்டிசி மோட்டார் ஃபேன் என்றால் 30 வாட். ஏசி சர்க்யூட்டுக்குத் தனியாகச் சப்-மீட்டர் மாட்டி ஒரு வாரம் எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். ஆறு அறைக்கு எனர்ஜிபிளஸே அதிகம், எக்ஸெல் போதும் என்பது என் எண்ணம்.

ரீடிங் தேதியும் முக்கியம். ஆள் 7ஆம் தேதி வந்து எடுத்திருந்தால் மாடலையும் 7 முதல் 7 வரை கூட்டணும். மதுரைக் கோப்பு என்பது பல ஆண்டுகளிலிருந்து மாதம் மாதமாகப் பொறுக்கிக் கோத்த மாதிரி ஆண்டு, உங்கள் பில் இந்த ஆண்டு வெயிலுக்கு. நாசா பவர் தளத்தில் காரைக்குடி அட்சரேகை 10.07, தீர்க்கரேகை 78.78 கொடுத்தால் அந்தந்த ஆண்டின் மணிவாரித் தரவு இலவசமாகக் கிடைக்கும்.

தட்டோடு:
எக்ஸெல் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுவரில் தேங்கி இரவில் இறங்கும் சூட்டை அது காட்டாது. விருந்தினர் ஏசி போடுவதோ இரவில்தான்.

இரண்டு மாத பில் என்றால் ஆண்டுக்கு ஆறே புள்ளிகள், அதை மட்டும் நம்பித் திருத்தினால் எந்த எண்ணையும் எப்படியும் பொருத்திவிடலாம். ஓர் அறையை 3 நாள் பூட்டி, ஏசி இல்லாமல், தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், வெப்பநிலையைப் பதிவுசெய்யும் லாகர் தொங்கவிடுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம். மாடலும் லாகரும் உச்சத்தில் ஒத்து நேரத்தில் தள்ளிப்போனால் சுவரின் கனத்தையும் அடர்த்தியையும் பாருங்கள். சராசரியே விலகினால் தரை அல்லது கசிவு.

வளவுவாசல்:
தரை 18தான் இருந்தது, கசிவு 0.5. திருத்துகிறேன். வளவை ஒரு ஸோனாக வரைந்து மேலே பெரிய ஓட்டை விட்டிருக்கிறேன், அது சரியா?

தட்டோடு:
வேண்டாம். ஸோன் என்றால் உள்ளே காற்று முழுக்கக் கலந்து ஒரே வெப்பநிலை என்று கொள்ளும்; வளவில் அப்படி இல்லை. முற்றத்தை வெளிப்புறமாகவே விட்டு, அறைச் சுவர்களை வெளிச்சுவராக்கி, தாழ்வாரத்து ஓட்டுக்கூரையை வெறும் நிழல் பரப்பாகப் போடுங்கள். தாழ்வாரத்தில் ஒரு லாகர் வைத்து, அந்தச் சுவர்களுக்கு மட்டும் வெளிக்காற்று வெப்பநிலையை அட்டவணையாகக் கொடுக்கலாம். காற்றோட்டத்துக்கு மென்பொருள் தானாகப் போடும் காற்றழுத்தக் கெழுக்கள் சதுரப்பெட்டிக் கட்டடத்துக்கானவை, முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்கு உதவாது.

உங்கள் மூன்று யோசனைகளில் இரட்டைக் கண்ணாடியை விட்டுவிடுங்கள், தாழ்வாரத்தைப் பார்த்த சின்ன ஜன்னலில் வெயிலே விழாது. ஃபால்ஸ் சீலிங் மேலே காப்பு இல்லாமல் சூட்டை முழுதாகத் தடுக்காது, தேக்கு உத்திரத்தில் கரையான் ஏறினாலும் தெரியாமல் மறைக்கும். வெள்ளை அடிப்பது நேராக மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கு மட்டும் பலன் தரும். மேலே மாடி அறை இருந்தால் ஓட்டிப் பார்க்கவே தேவையில்லை. கதவடிக்குப் பிரஷ் பட்டை, குழாய் ஓட்டைக்குச் சுண்ணாம்பு அடைப்பு, அவுட்டோர் யூனிட்டை இடம் மாற்றுவது, செட்டிங் 24லிருந்து 26, இந்த நான்கையும் ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டுங்கள்.

குளிர்பதனம்:
காற்றுத் துவாரத்தை அடைத்தால் அறையில் இரண்டு பேருக்கு வேண்டிய காற்றுக்கு வேறு வழி வைக்கணும். அதே கார்பன் டை ஆக்சைடு மீட்டரை இரவு தலைமாட்டில் வைத்துப் பாருங்கள். காலையில் 1,000ஐத் தாண்டியிருந்தால் அடைத்தது அதிகம்.