வர்ஜில் வார்டின் பீட்டில் ஸ்பின் புரள்வது ஏன்?

கேள்வி: 'சாம்பியன்ஷிப் ஃபிஷிங்' டிவி நிகழ்ச்சி நடத்திய மிசௌரிக்காரர் வர்ஜில் வார்டின் பாஸ் பஸ்டர் கம்பெனி விற்ற தூண்டில்தான் பீட்டில் ஸ்பின்: முள்ளில் ரப்பர் உடல், அதற்கு மேலே கம்பியில் சுழலும் தகடு. என்னுடையது 1/8 அவுன்ஸ் எடை. இழுத்தால் பக்கவாட்டில் புரள்கிறது, தகடும் சில நேரம் சுற்றவில்லை.

பதில் 1: ரப்பர் உடல் கோணலாக ஏறியிருக்கும். கழற்றி, முள் சரியாக நடுக்கோட்டில் வெளிவரும்படி மறுபடி ஏற்றுங்க. அடுத்து கம்பி: தகடு தொங்கும் மேல் கை முள்ளுக்கு நேர் மேலே நிற்கணும். விலகியிருந்தால் குறட்டால் மெதுவாக வளைக்கவும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும்.

பதில் 2: தகடு சுற்றாததற்கு, அதைக் கம்பியோடு இணைக்கும் சுழலியில் பாசி சிக்கியிருக்கலாம். தண்ணீரில் விழுந்ததும் வெடுக்கென ஒரு இழுப்பு, பிறகு நிதானமாகச் சுருட்டுங்க. 6 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பு போதும். தடித்தால் எறிதூரம் குறையும்.

பதில் 3: பீட்டில் ஸ்பின்னை வடிவமைத்தது சக் வுட்ஸ். பலரும் வார்டு என்றே நினைக்கிறார்கள், டிவி செய்த வேலை!